அம்மாவுக்குச் சேர வேண்டிய பழி

கப்பல் விளையாட்டு உங்களுக்கு மறந்திருக்காது. நம் பர்மா காலனியின் கடைசித் தெருவில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த பொட்டலில்தான் விளையாடுவோம். இரண்டு செங்கல்லை இடைவெளி விட்டு வைத்தால் அது ரங்கூன் துறைமுகத்து வாசல். ஒருவர் அதிகாரி. மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காது, கழுத்து, கொண்டை, பாவாடை மடிப்பு என்று தடவிப் பார்ப்பார். ஒரு புளியங்கொட்டையை எங்காவது ஒளித்து வைத்திருப்போம். அகப்படாமல் செங்கல்லைத் தாண்டினால் கப்பலில் ஏறியாயிற்று. எல்லோரும் ஏறி முடித்ததும் அதிகாரியைத் தொட்டிச் சுவரோடு நிறுத்தி ஆளுக்கு ஓர் அடி அடிக்கலாம். அடிக்கும்போது "புரட்சி, புரட்சி" என்று கத்த வேண்டும். அந்த அடிக்காகத்தான் நாம் விளையாடினோம். நம்மில் ஒருவர்கூட ரங்கூனைப் பார்த்ததில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன மாதம் நம் காலனிப் பிள்ளைகளின் போன் குரூப்பில் ஒரு படம் வந்தது. பர்மாவில் இப்போது பட்டாளத்தை எதிர்த்துக் காட்டுக்குப் போன பிள்ளைகளின் படம். மூங்கில் குடிசை வாசலில் ஒரு பெண் காலில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தாள். "நம்ம அப்பன் ஆத்தாள வெரட்டுன ஊருக்கு நல்லா வேணும்" என்று ஒருவர் எழுதினார். நீங்கள் பலரும் கைதட்டினீர்கள். "இந்தப் பிள்ளைங்க என்ன பண்ணுச்சு?" என்று ஒரே ஒருவர் கேட்டார். அவரை எல்லோரும் சேர்ந்து வாயடைத்தீர்கள். நானும் கைதட்டினேன். நாலு பேர் நடுவே பேசக் கூசுகிறவள் நான். ஆனால் விரலால் தட்டுவதற்கு எனக்குக் கூச்சம் இல்லை.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவுக்கு ரங்கூனில் லுங்கிக் கடை இருந்தது. பட்டாளம் ஆட்சியைப் பிடித்து, அதற்குப் புரட்சி என்று பெயர் வைத்துக்கொண்டு, ஒருநாள் எல்லாக் கடைகளையும் பூட்டி, இனி சர்க்கார் கடை என்று நம்பர் பலகை அடித்தது. அப்பாவின் தம்பிக்கு, அதாவது என் சித்தப்பாவுக்கு, அப்போது இருபத்திரண்டு வயது. பர்மாப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கடை பூட்டப்பட்ட அன்று அவர் வீட்டில் சிரித்த முகத்தோடு சாப்பிட்டார் என்று அப்பா சொல்வார். பிறகு கையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, அதிகாரிகள் பர்மியத்தில் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்லும் வேலைக்குப் போய்விட்டார். அப்பாவும் அம்மாவும் ஊர் திரும்பக் கப்பலேற வந்தபோது, பெண்களைச் சோதிக்கும் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தது அவர்தான். தங்கம் ஒரு குண்டுமணி வெளியே போகக் கூடாது என்பது உத்தரவு. அம்மாவின் தாலியைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னதும் அவர் வாய்தான்.

கப்பலில் யாரோ ஒரு வயதான பெண் மஞ்சள் கிழங்கை மஞ்சள் கயிற்றில் கட்டி அம்மாவின் கழுத்தில் போட்டாளாம். நான் பிறந்து வளர்ந்து பார்த்த கழுத்தில் அந்த மஞ்சள் கிழங்குதான் இருந்தது.

இந்தக் கதையை அப்பா தினமும் சொல்வார். மன்னார்புரத்தில் ரோட்டோரம் கட்டில் போட்டு லுங்கி விற்றுவிட்டு வந்து, கை கால் கழுவி, சோற்றில் கை வைத்ததும் ஆரம்பிப்பார். தெருவில் எல்லா வீட்டிலும் அப்படி ஏதோ ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் குற்றவாளி சொந்தக்காரன். அது எனக்கு ஒருவிதப் பெருமையாகக்கூட இருந்தது. அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுந்து பின்பக்கம் போய் ஏதாவது பாத்திரத்தைத் தேய்ப்பாள். வேதனை தாங்காமல் போகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அவளுக்காகவும் சேர்த்து நான் பல்லைக் கடிப்பேன். சித்தப்பா கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று ஒரு வரிசையே வைத்திருந்தேன். முதலில் கண்ணில் மிளகாய்த் தூள்.

ஐந்தாவது முழுப் பரீட்சை முடிந்த வைகாசியில் அவர் வந்தார்.

ஒரு தகரப் பெட்டி, சுருட்டிய பாய், வாயில் அணைந்துபோன சுருட்டு. மோரே என்கிற எல்லை ஊர்வரை நடந்து, அங்கிருந்து லாரியிலும் ரயிலிலும் மாறி மாறி வந்திருந்தார். அம்மா தெருக்குழாயில் குடம் வைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் நிரம்பிய குடத்தை எடுக்காமல் நின்றாள். தண்ணீர் வழிந்து அவள் பாதத்தில் ஓடியது. பிறகு, "வாங்க தம்பி" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் அப்பா வருவதற்காக நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். சைக்கிள் பம்பு, அடுப்பு ஊதும் குழல் இரண்டையும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருந்தேன். அப்பா வந்தார். தம்பியைப் பார்த்தார். "சாப்பிட்டியா?" என்றார். "ஆச்சுண்ணே" என்றார் சித்தப்பா. அவ்வளவுதான். அன்று அப்பாவைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் கடைக்குக் கூட்டிப்போனார். ஓட்டிக்கொண்டே என் தலைக்கு மேலிருந்து பேசினார். "அடிச்சா நாலு நாள்ல ஆறிடும் பாப்பா. கப்பல்ல வந்த நமக்கெல்லாம் சர்க்கார் பேப்பர் இருக்கு. அவன் காடு வழியா வந்தவன். பர்மாவுலேர்ந்து வந்த தமிழன்னு அவனுக்கு ஒரு பேப்பர் வேணும். அதுக்கு நம்மள மாதிரி ரெண்டு பர்மாக்காரங்க, 'ஆமா, எங்களுக்குத் தெரிஞ்ச ஆளு'ன்னு சொல்லணும். அந்த வாயி நம்மகிட்ட இருக்கு. அதுவரைக்கும் நல்லாச் சாப்பிடட்டும்."

அப்பாவின் மீது எனக்கு இழந்த மரியாதை முழுவதும் திரும்ப வந்தது. அந்த ரகசியத்தை இரண்டு மாதம் வாயில் அடக்கிவைத்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் அதை நாக்கால் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

அவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒல்லியாக, பேசும்போது கழுத்து நரம்பு புடைக்க, தட்டைத் தானே கழுவி வைத்த ஆள். அதற்கே காலனி ஆண்கள் சிரித்தார்கள். பர்மாவில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் நாப்பி கிடைக்கவில்லை என்று காந்தி மார்க்கெட்டில் இறால் பொடி வாங்கி உப்புப் போட்டுப் புளிக்க வைத்து, எங்கள் சந்து முழுவதையும் நாற அடித்தார். திட்டிக்கொண்டே எல்லா வீட்டுப் பெண்களும் கிண்ணம் கொண்டுவந்து வாங்கிப்போனார்கள். சின்னப் பிள்ளைகளை "யேபோ" என்று கூப்பிடுவார். பர்மியத்தில் தோழர் என்று அர்த்தமாம்.

நம் காலனியில் புது ஆளைப் பார்த்தால் முதலில் கேட்பது, எந்தக் கப்பல் என்பதுதானே. ஒரே கப்பலில் வந்தவர்கள் பந்தியில்கூடச் சேர்ந்து உட்காருவார்கள். எதிர்வீட்டு மாமா தினமும் அவரிடம் அதையே கேட்பார். சித்தப்பா பதில் சொல்வதற்குள் அவரே சொல்வார்: "இவரு கப்பல்ல வந்தவரு இல்லப்பா. கப்பலேத்தி விட்டவரு." எல்லோரும் சிரிப்பார்கள். சித்தப்பாவும் சிரிப்பார். அவர் சிரிப்பதுதான் எனக்குப் பொறுக்காது.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சிரிக்க மாட்டார். புரட்சி என்றால் வரிந்துகட்டிக்கொண்டு வருவார். நம் தாத்தாக்கள் மருங்காபுரிப் பக்கத்தில் மழையை நம்பிக் கிடந்த காட்டை வட்டிக்காரனிடம் விட்டுவிட்டுத்தான் கப்பலேறினார்கள், அங்கே போய் நம் ஆட்களே பர்மா விவசாயியின் வயலை அதே மாதிரி எழுதி வாங்கினார்கள், அவன் எத்தனை நாள் பொறுப்பான் என்பார். அப்பா லுங்கி மடிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் அப்பா, "நான் யாரு வயல எழுதி வாங்குனேன்? முழம் போட்டு லுங்கி வித்தேன். சரி, நீ அவனுக்கு உழைச்சியே, உன்ன என்ன சொல்லி வெரட்டுனான்?" என்று கேட்டார்.

"காலான்னு சொல்லித்தான்" என்றார் சித்தப்பா. அது அங்கே நம்மவர்களைக் கேவலமாகக் கூப்பிடும் சொல். "சொன்னவன் தப்பு. புரட்சி தப்பில்லண்ணே. பட்டாளத்தான் அதத் திருடிக்கிட்டான்."

"திருடுனவன்கூட மேச பக்கத்துல நின்னது யாரு?"

சித்தப்பா அடுப்படிப் பக்கம் பார்த்தார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் கை ஒரு கணம் நின்றது. ஏதோ கேட்கப் போகிறாள் என்று எனக்கே தோன்றியது. அதற்குள் அப்பா தண்ணீர் கேட்டார். அவள் எழுந்து போய்விட்டாள்.

ஆனி மாதத்தில் அவருடைய பெட்டியை நான் திறந்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடியில், ஒரு வேட்டிக்குள், அந்தச் சிவப்புத் துணி நான்காக மடித்து இருந்தது. ஓரம் வெளுத்துப்போயிருந்தது, ஊக்கு குத்திய இடத்தில் துரு. நான் கதையில் மட்டுமே பார்த்த துணி. எடுத்துக்கொண்டு நேரே பொட்டலுக்கு ஓடி வந்தேன். அன்று மாலை யார் அதிகாரி என்று சண்டையே நடந்ததே, நினைவிருக்கிறதா? உண்மையான துணி கிடைத்ததும் அடி வாங்குவதைப் பற்றிக்கூட யாருக்கும் கவலை இல்லை.

கடைசியில் நான்தான் கட்டிக்கொண்டேன். வரிசையில் நின்ற ஒருத்தியின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது எல்லோரும் சட்டென்று அமைதியானீர்கள். சித்தப்பா தொட்டி ஓரத்தில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கிட்டே வந்து, "அப்படி இழுக்கல யேபோ. உங்க அம்மாவே கழட்டித் தந்தாங்க" என்றார். "அப்புறம் என் மொகத்தப் பாத்தாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, துணியைத் திரும்பக் கேட்காமலே போய்விட்டார்.

தப்பை ஒப்புக்கொள்கிறான் என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன். அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா என் தலையைத் தடவினார்.

பேப்பருக்கான மனுவை எழுதியது ஸ்ரீரங்கத்து ஐயா. நம் காலனிக்கு எல்லா மனுவும் அவர்தான் எழுதுவார். வெள்ளைக்காரன் காலத்தில் ரங்கூனில் குமாஸ்தாவாக இருந்து, யுத்தத்தில் குண்டு விழுந்தபோது அசாம் காடு வழியாக நடந்தே திரும்பியவர். உத்தர வீதியில் வீடு. பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டு, பஸ் பிடித்து அரியமங்கலத்தில் இறங்கி, குடையோடு நடந்து வருவார். அன்று சங்கக் கொட்டகையில் அப்பாவும் சித்தப்பாவும் மறுபடி மோதிக்கொண்டபோது ஐயா பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேரும் வீணா அடிச்சுக்கறேள். அந்த ஊர் நமக்கு எப்பவுமே சத்திரம். சத்திரத்த விட்டுக் கெளம்பறச்சே அதுக்கு யுத்தம்னு பேர் வெச்சா என்ன, புரட்சின்னு வெச்சா என்ன? ரங்கன் காலடிக்கு வந்து சேந்தோம், அது போறும்."

"சத்திரம்னு நெனச்சுத்தான் ஐயா அந்த ஊர்க்காரனுக்கு நம்மளப் பிடிக்காமப் போச்சு" என்றார் சித்தப்பா.

ஐயாவுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் மனுவை எழுதி முடித்தார். ஐயா போன பிறகு, சித்தப்பாவையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆண்கள் மட்டும் பேசினார்கள். ஆபீஸில் யாரும் அவரைத் தெரியும் என்று சொல்லக் கூடாது என்று முடிவானது. உங்கள் அப்பாக்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தப்படவில்லை. எல்லோர் வீட்டிலும் ஏதோ ஒன்று மேசையில் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அதற்கெல்லாம் பொறுப்பேற்க ஓர் ஆள் அகப்பட்டிருந்தான்.

விசாரணைக் கடிதம் அப்பாவின் கடை முகவரிக்கு வந்தது. அதில் பதினொரு மணி என்று இருந்தது. அம்மாவிடம் மட்டும் அப்பா மூன்று மணி என்று சொன்னார். விசாரணை அன்று அம்மா காலையிலேயே ஸ்ரீரங்கம் கிளம்பினாள். எதற்கு என்று அப்பா கேட்கவில்லை. அவள் இல்லாமல் இருந்தால் போதும் அவருக்கு.

கன்டோன்மென்ட் பக்கம் ஓர் அரசாங்க ஆபீஸ். வராந்தாவில் பெஞ்சு. வழியில் சித்தப்பா எனக்கு ஆரஞ்சு மிட்டாய் வாங்கித் தந்திருந்தார். "அண்ணி வரலியாண்ணே?" என்று இரண்டு முறை கேட்டார். வருவாள் என்றார் அப்பா. உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி நல்லவராகத்தான் தெரிந்தார். இவர் உங்கள் தம்பி என்கிறாரே, உண்மையா என்று அப்பாவைக் கேட்டார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான் சார். நான் கப்பலேறுன அன்னிக்கே இல்லாமப் போயிட்டான். இவரு யாருன்னு தெரியாது. காலனிப் பக்கம் வந்து நின்னாரு, பாவம்னு சோறு போட்டோம்."

எதிர்வீட்டு மாமாவும் தெரியாது என்றார். சித்தப்பா முதலில் சிரித்தார். அண்ணன் கோபத்தில் கொஞ்சம் விளையாடுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். அப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை. சித்தப்பாவின் சிரிப்பு போக வெகுநேரம் ஆனது. பிறகு என்னைக் காட்டி, "பாப்பாவக் கேளுங்க சார், அது சொல்லும்" என்றார்.

அதிகாரி குனிந்து, "இவரு யாரும்மா?" என்றார்.

மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன். "தெரியாது" என்றேன்.

அந்தச் சொல் எனக்கு இனித்தது. இத்தனை வருஷம் கழித்து இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மிட்டாயைவிட இனித்தது. மிளகாய்த் தூள், பம்பு, குழல் எதுவும் அதன் பக்கத்தில் வர முடியாது. ஒரு பெரிய ஆண்பிள்ளையின் முகம், பத்து வயதுப் பெண்ணின் ஒரே சொல்லில் அப்படி அணைந்துபோகும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"சரி பாப்பா" என்றார் அவர். அப்புறம் அதிகாரியிடம், "எங்க அண்ணி வருவாங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்த பேசிட்டுப் போறேன் சார்" என்று கேட்டார். அண்ணி என்று எவளும் இல்லை என்றார் அப்பா. பேப்பர் இல்லாமல் எல்லை தாண்டி வந்தவர் என்று எழுதி, ஒரு கான்ஸ்டபிளோடு அவரை மதியம் மெட்ராஸ் ரயிலுக்கு அனுப்பினார்கள். பிறகு அவர் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது. வேறொரு முகாமில் பார்த்ததாக ஒருவரும், மோரேவுக்கே திரும்பி டீக்கடை வைத்ததாக இன்னொருவரும் சொன்னதோடு சரி.

மூன்று மணிக்குச் சரியாக ஆபீஸுக்குப் போன அம்மாவிடம் பியூன்தான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தபோது அவள் கையில் நீளமான ஒரு தாள் இருந்தது. "இவரை எனக்குத் தெரியும், இவர் என் கணவரின் உடன்பிறந்த தம்பி" என்று ஸ்ரீரங்கத்து ஐயாவிடம் எழுதி வாங்கி, கீழே பெருவிரல் ரேகை வைத்திருந்தாள். அதற்காகத்தான் காலையில் போயிருக்கிறாள். தாளை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுக் கட்டைவிரலில் இருந்த மையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

அப்பா, "உனக்காகத்தான் செஞ்சேன்" என்றார்.

"எனக்காகவா?" என்றாள் அம்மா. சத்தமே இல்லாமல்தான் பேசினாள். "எனக்கு முன்னாடி நின்ன பொண்ணு கொண்டைக்குள்ள தங்கத்த மறைச்சு வெச்சிருந்தா. அடுத்த மேசையில கண்டுபிடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. புள்ளைங்க கப்பல்ல, அவ கரையில. அதப் பாத்துட்டுத்தான் தம்பி என்னயக் கழட்டச் சொல்லுச்சு. உங்களுக்கும் தெரியும். பதிமூணு வருசமா இந்தக் கதையில அத மட்டும் விட்டுட்டுத்தான் சொல்றீங்க."

"'சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் அண்ணி'ன்னும் அவன்தானே சொன்னான்?" என்றார் அப்பா.

"சொல்லுச்சு. அதுவும் சொல்லுச்சு. என்னயக் காப்பாத்தச் சொல்லுச்சா, சட்டத்தக் காப்பாத்தச் சொல்லுச்சான்னு நான் கேக்கணும்னு இருந்தேன். ரெண்டு மாசமா வாயி வரைக்கும் வந்துச்சு. அது சொல்ற பதிலப் பாத்து நான் மன்னிச்சிருப்பேன், இல்ல காறித் துப்பியிருப்பேன். அது என் கழுத்துலேர்ந்து போனது. நீங்க யாரு அதுக்குப் பழி வாங்க?"

பிறகு என் பக்கம் திரும்பினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். பார்த்தாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதினைந்து நாளுக்கு மேல் அவள் என்னைக் கூப்பிடவில்லை. சோறு போட்டாள், தலை பின்னினாள், பள்ளிக்கூடத்துக்குச் சட்டை துவைத்தாள். பேச்சு மட்டும் இல்லை. ஏன் என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. காலனி அப்போது சந்தோஷமாக இருந்தது. ஏதோ ஒரு பெரிய வழக்கில் ஜெயித்த மாதிரி எதிர்வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

அம்மா எத்தனையோ வருஷம் அதற்குப் பிறகு இருந்தாள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் வந்திருக்கும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பாவின் படத்துக்கு நான் பூப் போடுவதில்லை என்று உங்களில் சிலர் என் காதுபடவே பேசியிருக்கிறீர்கள். இதுதான் காரணம். என் படத்துக்கும் யாரும் போட வேண்டாம் என்று என் மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு நம் காலனியே ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறியது. அம்மா மண்டபம் என்கிற படித்துறையில் கால் வைக்க இடமில்லை. காவிரி கலங்கி, நாலைந்து படிகளை விழுங்கிக்கொண்டு ஓடியது. பெண்கள் வாழையிலைத் துண்டில் காதோலை, கருகமணி, பூ எல்லாம் வைத்து ஆற்றில் விட்டுவிட்டு, படியில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் புது மஞ்சள் கயிறு மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் இருக்கும் நேரம் பார்த்து அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு ரோஸ் தாள் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே தங்கத் தாலி. பக்கத்தில் இரண்டு குண்டு. யாரிடமும் சொல்லாமல் பெரிய கடை வீதியில் செய்யக் கொடுத்திருக்கிறார். "எடுத்தவன அனுப்பியாச்சு. இனிமே ஊரறியக் கட்டிக்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி அம்மாவிடம் நீட்டினார்.

பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அத்தை ரொம்ப லட்சணமாக இருக்கிறது என்றாள். அம்மா அதை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு, "இங்க வா" என்றாள். என்னைத்தான். என் கையைப் பிரித்து அதை வைத்தாள்.

"ஆத்துல போடு."

நான் அப்பாவைப் பார்த்தேன்.

"அங்க என்ன பார்வை? அன்னிக்கு அவரு சொன்னதச் செஞ்சேல்ல. இன்னிக்கு நான் சொல்றதச் செய்."

வீசினேன். அது கையை விட்டுப் போகும்போது, ஆபீஸில் இனித்த அதே இடத்தில் எனக்கு மறுபடி இனித்தது. ஆனால் இந்த முறை அப்பாவின் முகம் அணைந்ததைப் பார்த்தேன். பெண்கள் வாயில் கை வைத்தார்கள். அத்தை, அமங்கலம், அமங்கலம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கட்டாத வரைக்கும் அது வெறும் தங்கம்" என்றாள் அம்மா.

அப்பா சட்டையோடு தண்ணீரில் இறங்கினார். பின்னாலேயே மாமாவும் உங்கள் அப்பாக்களும். இடுப்பளவு, மார்பளவு. குனிந்து குனிந்து மண்ணை அள்ளி விரலிடுக்கில் விட்டுப் பார்த்தார்கள். சில்லறைக்காக முங்கும் பையன்களைக் கூப்பிட்டு இங்கே முங்கு, அங்கே முங்கு என்று அப்பா கத்திக்கொண்டிருந்தார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

அம்மா படியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, புது மஞ்சள் கிழங்கைப் புதுக் கயிற்றில் முடிந்து, தானே கட்டிக்கொண்டாள். தூக்கை எடுத்துத் திறந்தாள். தேங்காய்ச் சாதம். எனக்கு ஒரு கை உருட்டித் தந்தாள்.

"நல்லாப் பாத்துக்க. துளி தங்கத்துக்கு எப்படித் தேடுறாருன்னு. கூடப் பொறந்தவன் எங்க போனான்னு ஒரு நா தேடுனாரா?"

வெயில் உச்சிக்கு வந்த பிறகும் அப்பா கரையேறவில்லை. அம்மாவும் அவரைக் கூப்பிடவில்லை. நிதானமாக, ஒரு பருக்கை சிந்தாமல், அவர் தேடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தாள்.